ரசிகர்களுக்கு நம் கிளப்பே முதலில் சொல்லட்டும்: கால்பந்து கிளப்புகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மூன்று வருடங்களுக்கு முன், ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் மாலை நாலு மணிக்கு எங்கள் கிளப்புக்கு மேட்ச். விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. பதினோரு மணிக்கெல்லாம் ஆட்டத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டு, வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டோம். சொல்லியாயிற்று என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

நாலு மணிக்கு கோல் போஸ்ட் வலையைக் கழற்றி எடுத்துவர நான் மைதானத்துக்குப் போனேன். ஓரத்தில் ஒரு பெரியவர் பேரனோடு ஒரே குடையில் நின்றிருந்தார். நெல்லிக்குப்பத்திலிருந்து பஸ் பிடித்து வந்தவர்கள். "மேட்ச் இல்லைங்களா தம்பி?" என்று மட்டும் கேட்டார். பையன் எங்கள் ஜெர்சி நிறத்தில் வண்ணம் தீட்டிக் கொண்டுவந்த அட்டை நனைந்து கையில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெரியவரிடம் இருப்பது பட்டன் போன். பல வருடமாக எங்கள் ஆட்டத்துக்கு வருகிறவர், அவருடைய நம்பர் கமிட்டியில் ஒருவரிடமும் இல்லை.

அந்த வாரமே கிளப்பின் தகவல் வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அதிலிருந்து கற்றதையும், பெரிய கிளப்புகள் பட்ட பாட்டைப் படித்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். கடலூர், புதுச்சேரி பக்கத்துச் சிறிய கிளப்புகளை மனதில் வைத்தே எழுதுகிறேன். ஒரு விஷயத்தை மட்டும் எல்லாப் படிகளிலும் பிடித்துக்கொள்ளுங்கள்: நல்லதோ கெட்டதோ, ரசிகருக்குச் செய்தி முதலில் கிளப்பிடமிருந்து வர வேண்டும். டீக்கடையில் கேட்டுவிட்டு, "அப்படியா அண்ணே?" என்று அவர் நம்மிடம் வந்து விசாரிக்கும் நிலை வரக் கூடாது.

முதல் படி: நம் ரசிகர் யார் என்று நோட்டில் எழுதுங்கள்

போஸ்டர், பேஜ் எல்லாம் அப்புறம். முதலில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். இரண்டு மேட்சுக்கு நீங்கள் ஆட்டத்தைப் பார்க்காமல் கூட்டத்தைப் பாருங்கள். ஒவ்வொருவரிடமும் மூன்று கேள்விகள் போதும். எங்கிருந்து வருகிறீர்கள்? இன்றைக்கு மேட்ச் என்று எப்படித் தெரிந்தது? கையில் என்ன போன்?

நாங்கள் கேட்டபோது கிடைத்த பதில் எங்களையே உலுக்கியது. இளைஞர்கள்தான் அதிகம், அவர்கள் இன்ஸ்டாகிராமில் பார்த்து வருகிறார்கள் என்று நினைத்திருந்தோம். வந்தவர்களில் பாதிக்கு மேல் ஆட்டக்காரர்களின் வீட்டாரும் பழைய ஆட்டக்காரர்களும்தான். அவர்களுக்குச் செய்தி வாய் வழியாகப் போயிருந்தது. தேவனாம்பட்டினத்துப் பையன்களுக்கு அவர்கள் குப்பத்து நண்பர்கள் சொல்லியிருந்தார்கள். புதுச்சேரியில் வேலை பார்த்துவிட்டுக் கடலூருக்குத் திரும்புகிற சிலருக்குச் சனிக்கிழமை ராத்திரிதான் ஞாபகமே வருகிறது.

புதுச்சேரி கிளப் என்றால் பட்டியலில் இன்னும் சிலரைச் சேர்க்க வேண்டியிருக்கும். பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பங்களின் பிள்ளைகள் பாரிஸ் பக்கம் இருப்பார்கள். ஊர் கிளப்பின் ஸ்கோருக்காகக் காத்திருக்கிறவர்கள் அவர்களில் உண்டு. அங்கே கோடையில் நம்மைவிட மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் பின்னால் ஓடுகிறது கடிகாரம். இங்கே காலை ஆறு மணிக்குப் போட்ட செய்தி அவர்களுக்கு நடுநிசி தாண்டிய நேரத்தில் போய் விழும். மாஹேயில் ரசிகர்கள் இருந்தால் மலையாளத்திலும் ஒரு வரி எழுதுங்கள். கால்பந்து அங்கே வீட்டுப் பேச்சு. அவர்கள் மொழியில் கேட்டால் அந்தப் பிரியம் இன்னும் கூடும்.

இரண்டாம் படி: ஒரே ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்

"எல்லோரும் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள். ஐரோப்பாவில் பெரிய கிளப்புகளுக்கே இது சட்டமாக வர வேண்டியிருந்தது. ஜெர்மன் கிளப்புகள் ரசிகர்களோடு பேசுவதற்கென்றே ஆட்களை வைத்துப் பழகியிருந்தன. அதைப் பார்த்து, ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான யூயெஃபா தன் போட்டிகளில் ஆட உரிமம் கேட்கும் கிளப்புகள் 2012-13 பருவத்திலிருந்து ரசிகர் தொடர்பாளர் ஒருவரை வைத்தே ஆக வேண்டும் என்று விதி செய்தது. கிளப் எடுக்கும் முடிவை ரசிகருக்குச் சொல்வது அவர் வேலையில் பாதிதான். ரசிகரின் மனக்குறையை முடிவெடுக்கிறவர்களின் காதில் போடுவது மீதிப் பாதி.

நம் ஊரில் இந்த வேலைக்கு யாரை வைப்பது? செயலாளர் வேண்டாம், அவருக்கு லீக் கட்டணத்திலிருந்து ஆம்புலன்ஸ் வரை நூறு வேலை. கோச்சும் வேண்டாம், தோற்ற அன்று அவரால் அமைதியாகப் பேச முடியாது. எங்கள் அனுபவத்தில் ஆடி ஓய்ந்த ஒரு பழைய ஆட்டக்காரர் பொருத்தமாக இருப்பார். கூட்டத்தில் பாதிப் பேரை அவருக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியும். சுருக்கமாக எழுதத் தெரிந்தால் போதும், இலக்கியம் வேண்டாம்.

அவரைக் கமிட்டிக் கூட்டத்தில் உட்கார வைப்பது மிக முக்கியம். முடிவெடுத்த பிறகு "இதைப் போட்டுவிடு" என்று சொல்லி அனுப்பினால் அவர் வெறும் போஸ்ட்மேன் ஆகிவிடுவார். ரசிகர் திருப்பிக் கேட்கும் முதல் கேள்விக்கே அவரிடம் பதில் இருக்காது. அவர் ஊரில் இல்லாத நாளுக்கு இன்னொருவரையும் இப்போதே பழக்கிவிடுங்கள்.

மூன்றாம் படி: செய்தி போகும் வழிகள்

வாட்ஸ்அப்பில் கிளப்புகள் செய்யும் பெரிய தவறு, அறிவிப்பையும் அரட்டையையும் ஒரே குழுவில் போடுவது. காலை வணக்கப் படங்களுக்கு நடுவே மேட்ச் நேரம் புதைந்துபோகும். இரண்டையும் பிரித்துவிடுங்கள். அறிவிப்புக்கு ஒரு சேனல், அரட்டைக்கு ஒரு குழு. சேனல் வசதி 2023 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்தது. அதைப் பின்தொடர்கிறவர்களின் நம்பர் மற்றவர்களுக்குத் தெரியாது. குழுவில் அப்படியில்லை, உள்ளே இருக்கும் எல்லோருக்கும் எல்லோருடைய நம்பரும் தெரியும். வீட்டுப் பெண்கள் பலர் குழுவில் சேராமல் இருந்ததற்கு அதுதான் காரணம் என்று பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. சேனல் தொடங்கியதும் அவர்களே வந்து சேர்ந்தார்கள்.

ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலை நம்பி ஏமாறாதீர்கள். ஒரு பட்டியலில் 256 பேர் வரைதான். அதிலும் உங்கள் நம்பரைத் தங்கள் போனில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும்.

வாட்ஸ்அப் இல்லாதவர்களுக்கும் பட்டன் போன்காரர்களுக்கும் நாங்கள் வைத்திருப்பது அழைப்புச் சங்கிலி. பெயர், ஊர், நம்பர் எழுதிய ஒற்றைத் தாள். ஆறு பேர் ஆளுக்கு ஐந்து பேரைக் கூப்பிட வேண்டும். அரை மணி நேரத்தில் முப்பது வீட்டுக்குத் தகவல் போய்விடும். நெல்லிக்குப்பத்துப் பெரியவர் பெயர் அந்தத் தாளில் முதல் வரியில் இருக்கிறது.

அப்புறம் பலகை. மைதான வாசலிலும், ஆட்கள் கூடும் இரண்டு டீக்கடைகளிலும் சாக்பீஸால் எழுதும் கரும்பலகை வைத்தோம். கடைக்காரர்கள் சந்தோஷமாக இடம் கொடுத்தார்கள். வாரத்துக்கு ஒருமுறை பழையதை அழித்துப் புதியதை எழுதியே தீர வேண்டும். போன மாத மேட்ச் இன்னும் பலகையில் இருந்தால், அடுத்த முறை நீங்கள் எழுதுவதை யாரும் நம்ப மாட்டார்கள்.

ஆட்டோவில் மைக் கட்டினால் காவல் நிலையத்தில் அனுமதி வாங்குங்கள், இரவு பத்து மணிக்கு மேல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கி கூடாது. சாலையில் அனுமதியில்லாத பேனர் வேண்டவே வேண்டாம். 2019-இல் சென்னையில் பேனர் சரிந்து விழுந்து ஓர் இளம்பெண் உயிரிழந்ததை நாம் மறக்கக் கூடாது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டும் இருக்கட்டும். ஆனால் மாற்றம் எதுவானாலும் முதலில் சேனலில் வரும், மற்றவை அதைப் பார்த்துப் பின்னால் வரும் என்று எல்லோருக்கும் தெரியப்படுத்துங்கள். இரண்டு இடத்தில் இரண்டு நேரம் எழுதியிருந்தால் எதை நம்புவது என்ற குழப்பம் அதனால் தீரும்.

நான்காம் படி: மேட்ச் வாரத்தின் நேர அட்டவணை

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் என்று வைத்துக்கொள்வோம். புதன் மாலை முதல் அறிவிப்பு, சனி இரவு எட்டு மணிக்கு நினைவூட்டல், ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு மழை பற்றிய கடைசி முடிவு, இடைவேளையில் ஸ்கோர், முடிந்து பதினைந்து நிமிடத்துக்குள் முடிவு, திங்கள் மாலை படங்கள். இவ்வளவுதான். இதற்கு மேல் ஒரு மேட்சுக்குச் செய்தி போட்டால் ஆட்கள் சேனலை மௌனத்தில் வைத்துவிடுவார்கள்.

புதன்கிழமை அறிவிப்பு எப்படி இருக்க வேண்டும்? நாங்கள் இப்போது எழுதுவது இப்படி:

"ஞாயிறு மாலை 4 மணி, மஞ்சக்குப்பம் மைதானம். லீக் ஆட்டம், எதிரணி முதுநகரிலிருந்து வருகிறது. நுழைவு இலவசம். மேற்குப் பக்கம் பந்தலும் நாற்காலியும் உண்டு, பெரியவர்களும் குழந்தையோடு வருகிறவர்களும் அங்கே உட்காரலாம். குடிதண்ணீர் இருக்கும். பைக் வடக்குப் பக்கம். மழை வந்தால் மதியம் 1 மணிக்குள் சொல்வோம். 1 மணிக்கு மேல் எங்களிடமிருந்து செய்தி இல்லையென்றால் ஆட்டம் உண்டு என்று கிளம்பி வாருங்கள்."

கடைசி இரண்டு வரிகளைக் கவனியுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அதுவும் தானே புயலையும் ஃபெஞ்சல் புயலையும் பார்த்த இந்தக் கரையில், "மழையா, மேட்ச் உண்டா?" என்ற கேள்வி வாராவாரம் வரும். முடிவு தெரியும் நேரத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டால் போன் மணி பாதியாகக் குறையும். ஆனால் சொன்ன நேரத்தைத் தவற விடக் கூடாது. ஒரு மணிக்கு இன்னும் முடிவாகவில்லை என்றால், "முடிவாகவில்லை, 2 மணிக்குச் சொல்கிறோம்" என்று அதையாவது சொல்லுங்கள்.

பெண்கள் அணி ஆட்டத்துக்கும் இதே அட்டவணை, இதே அளவு எழுத்து, இதே பலகை. இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர். கடலூரின் இந்திரா காந்தி அகாடமி அணி 2017-18-இல் இந்தியப் பெண்கள் லீக்கின் இறுதிச் சுற்றில் ஆடியது. அப்படிப்பட்ட ஊரில் பெண்கள் மேட்சை ஆண்கள் மேட்ச் போஸ்டரின் கீழ் மூலையில் சிறிய எழுத்தில் போடுவது சரியே இல்லை. தனி அறிவிப்பு போட ஆரம்பித்த பிறகு எங்கள் பெண்கள் ஆட்டத்துக்குக் கூட்டம் வரத் தொடங்கியது. அவர்களுக்கு முன்பு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஐந்தாம் படி: எழுதும் விதம்

2018 ஜூன் முதல் தேதி மும்பையில் இந்தியா சீன தைபே (தைவான்) அணியை 5-0 என்று வென்றது. இந்திய அணித் தலைவர் சுனில் சேத்ரி மூன்று கோல் அடித்தார். பார்க்க வந்தவர்கள் சுமார் இரண்டரை ஆயிரம் பேர். மறுநாள் சேத்ரி செல்போன் முன்னால் நின்று ஒரு வீடியோ பேசினார். எங்களைத் திட்டுங்கள், விமர்சியுங்கள், ஆனால் மைதானத்துக்கு வந்து திட்டுங்கள் என்பதுதான் அதன் சாரம். இசையில்லை, கிராபிக்ஸ் இல்லை. அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட் எல்லாம் விற்றுத் தீர்ந்தது. ஜூன் 4-ஆம் தேதி கென்யாவோடு நடந்த அந்த ஆட்டம் அவருக்கு நூறாவது சர்வதேச ஆட்டம்.

ஒரு மனிதர் இன்னொரு மனிதரிடம் கேட்பதுபோல அவர் கேட்டார். நம் அறிவிப்புகளோ "மாபெரும்", "எழுச்சிமிகு", "அலைகடலெனத் திரண்டு" என்று மேடைப் பேச்சாக இருக்கின்றன. நான் எழுதியதை அனுப்புவதற்கு முன் வாய்விட்டுப் படிப்பேன். என் அத்தைக்குப் படித்துக் காட்டியும் பார்த்திருக்கிறேன். அவருக்கு ஒரே தடவையில் புரிந்தால் அனுப்பிவிடுவேன். நாள், நேரம், இடம் மூன்றும் முதல் வரியிலேயே இருக்கட்டும், அழகான படத்துக்குள் ஒளிந்திருக்க வேண்டாம். படம் திறக்காத போன்களும் உண்டு. "நாளை", "இன்று" என்று மட்டும் எழுதாமல் கிழமையையும் தேதியையும் எழுதுங்கள். செய்தியை யாராவது இரண்டு நாள் கழித்துப் பகிர்வார்கள், ஒரு கூட்டமே தவறான நாளில் வந்து நிற்கும்.

ஆறாம் படி: கெட்ட செய்தி

இங்கேதான் கிளப்புகள் வழுக்கி விழுகின்றன. நல்ல செய்தியை எல்லோரும் முந்திக்கொண்டு சொல்வார்கள், கெட்டதை ஒளிப்பார்கள். ஒளித்தது வெளியே வரும்போது முன்பு சொன்ன உண்மைகளையும் ஆட்கள் சந்தேகிப்பார்கள்.

உலகமே பார்த்த உதாரணம் 2021 ஏப்ரல் 18. அன்றிரவு ஐரோப்பாவின் 12 பெரிய கிளப்புகள் சூப்பர் லீக் என்ற தனிப் போட்டி தொடங்குவதாக அறிக்கை விட்டன. ரசிகர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதைவிட ஆச்சரியம், தங்கள் பயிற்சியாளர்களிடமே முன்கூட்டிப் பேசவில்லை. மறுநாள் லீட்ஸில் ஆட்டம் இருந்ததால், அந்தப் பன்னிரண்டில் ஒன்றான லிவர்பூலின் பயிற்சியாளர் யூர்கன் க்ளாப்தான் கேமரா முன் நின்று கேள்விகளை வாங்கினார். முந்தின நாள்தான் தனக்கே தெரியும் என்றார். இரண்டே நாளில் ஆறு இங்கிலாந்து கிளப்புகளும் பின்வாங்கின. லிவர்பூல் உரிமையாளர் ஜான் ஹென்றி வீடியோவில் மன்னிப்புக் கேட்டார்.

நமக்கு இதில் நேரடியான பாடம் உண்டு. கோச்சை மாற்றுகிறீர்கள், மைதானம் மாறுகிறது, பணமில்லாமல் ஒரு டோர்னமென்டிலிருந்து விலகுகிறீர்கள் என்றால், முதலில் ஆட்டக்காரர்களைக் கூப்பிட்டு நேரில் சொல்லுங்கள். அப்புறம் அவர்கள் வீட்டாருக்கு. அதற்கடுத்து ஒரு மணி நேரத்துக்குள் ரசிகர்களுக்கு. இடைவெளி கூடினால் செய்தி கசியும். ரசிகர் முதலில் வந்து கேட்பது தெருவில் பார்க்கும் ஆட்டக்காரப் பையனைத்தான். அவன் விழித்துக்கொண்டு நிற்கக் கூடாது.

கெட்ட செய்தியில் நாலு விஷயம் இருக்க வேண்டும். என்ன நடந்தது, ஏன், இனி என்ன செய்யப்போகிறோம், யாரிடம் கேட்கலாம். தெரியாததைத் தெரியாது என்று எழுதுவதில் வெட்கமில்லை. நாங்கள் ஒருமுறை ஆறு கோல் வாங்கித் தோற்றபோது எழுதியது இது:

"இன்று நம் அணி 0-6 என்று தோற்றது. எதிரணி நம்மைவிட நன்றாக ஆடினார்கள். நம் தடுப்பாட்டக்காரர்கள் இருவர் அடிபட்டு வெளியேறினார்கள். தோல்விக்குக் காரணமாக அதைச் சொல்லவில்லை, நீங்கள் விசாரிப்பீர்கள் என்பதால் சொல்கிறோம். இருவரும் வீடு திரும்பிவிட்டார்கள். புதன் மாலை பயிற்சி முடிந்ததும் கோச் மைதானத்தில் இருப்பார், கேட்க வேண்டியதை நேரில் கேட்கலாம். கடைசி விசில் வரை நின்றவர்களுக்கு நன்றி."

புதன்கிழமை பதினேழு பேர் வந்தார்கள். இரண்டு பேர் உரக்கப் பேசினார்கள். கோச் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, இளம் பையன்களை இறக்கியதன் காரணத்தை விளக்கினார். அதற்கடுத்த ஞாயிறு அந்தப் பதினேழு பேரும் மைதானத்தில் இருந்தார்கள். ரெஃப்ரியைக் குறை சொல்லி ஒரு வரி சேர்க்கலாமே என்று கமிட்டியில் ஒருவர் அன்று கேட்டார். நான் மறுத்துவிட்டேன். கிளப்பே எழுத்தில் ரெஃப்ரியைத் திட்டினால், அடுத்த மேட்சில் நம் ரசிகர்கள் அவர் மீது கல்லெறியக்கூடும். புகார் இருந்தால் லீக் அலுவலகத்துக்குக் கடிதமாகப் போகட்டும்.

விலை உயர்வும் கெட்ட செய்திதான். 2016 பிப்ரவரியில் லிவர்பூல் கிளப் புதிய ஸ்டாண்டில் 77 பவுண்டு டிக்கெட் என்று அறிவித்தது. சண்டர்லேண்டோடு நடந்த ஆட்டத்தின் 77-ஆவது நிமிடத்தில் ஆயிரக்கணக்கான ரசிகர்கள் எழுந்து வெளியேறினார்கள். 2-0 என்று முன்னணியில் இருந்த ஆட்டம் 2-2 ஆனது. சில நாட்களில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு உயர்வைத் திரும்பப் பெற்றார்கள். நாம் இருபது ரூபாய் நுழைவுக் கட்டணம் வைத்தாலும் கணக்கைச் சொல்ல வேண்டும். மைதான வாடகை எவ்வளவு, ரெஃப்ரிகளுக்கு எவ்வளவு, பந்துக்கு எவ்வளவு என்று பலகையில் எழுதுங்கள். கணக்கைப் பார்த்துவிட்டு ஐம்பது ரூபாய் கொடுத்துச் சில்லறை வேண்டாம் என்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஏழாம் படி: நிறம், சின்னம், பெயர். தொடுவதற்கு முன் கேளுங்கள்

வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் சிட்டிக்குக் காலங்காலமாக நீலச் சட்டை, பட்டப்பெயரே நீலப் பறவைகள். 2012-இல் உரிமையாளர் அதைச் சிவப்பாக்கினார். அந்தப் பருவத்திலேயே அணி இரண்டாம் நிலை லீக்கான சாம்பியன்ஷிப்பை வென்று, முதல் நிலையான பிரீமியர் லீகுக்கு ஏறியது. அப்படியும் ரசிகர்கள் சமாதானமாகவில்லை. 2015 ஜனவரியில் நீலம் திரும்பியது. வெற்றி கிடைத்தால் எல்லாம் மறந்துபோகும் என்று நினைப்பவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன்.

எவர்ட்டன் 2013-இல் சின்னத்தை மாற்றி, அதிலிருந்த பழைய லத்தீன் வாசகத்தை எடுத்துவிட்டது. பல்லாயிரம் பேர் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். கிளப் மன்னிப்புக் கேட்டு, சில வரைவுகளை ரசிகர்கள் முன் வைத்து வாக்கெடுப்பு நடத்தி, வென்றதை அடுத்த பருவத்திலிருந்து வைத்துக்கொண்டது. லீட்ஸ் யுனைடெட் கதை இன்னும் கவனிக்க வேண்டியது. 2018 ஜனவரியில் புதிய சின்னம் வெளியிட்டபோது, பத்தாயிரம் பேரிடம் கருத்துக் கேட்டதாகக் கிளப் சொன்னது. இருந்தும் எதிர்ப்புக் கிளம்பியது, அந்தச் சின்னம் கைவிடப்பட்டது. "மாற்றம் வேண்டுமா?" என்று பொதுவாகக் கேட்டு வாங்கிய ஆமாம் உதவாது என்பது என் முடிவு. வரைந்த படத்தைக் கையில் கொடுத்து, "இது சரியா?" என்று கேளுங்கள்.

நம் நாட்டில் 1889-இல் தொடங்கிய கொல்கத்தாவின் மோகன் பகான், 2020-இல் அதே ஊர்க் கிளப்பான ஏ.டி.கே.யோடு இணைந்து ஏ.டி.கே. மோகன் பகான் என்று பெயர் மாறியது. முன்னால் ஒட்டிய அந்த மூன்றெழுத்தை எடுக்கச் சொல்லி ரசிகர்கள் மூன்று வருடம் விடாமல் குரல் கொடுத்தார்கள். 2023 மார்ச்சில் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) இறுதியை வென்ற இரவில் பெயர் மாற்றம் அறிவிக்கப்பட்டது. இங்கிலாந்தில் இப்போது சட்டமே வந்துவிட்டது. 2025-ஆம் ஆண்டின் கால்பந்து நிர்வாகச் சட்டப்படி, சின்னத்தையோ சொந்த மைதானச் சட்டை நிறத்தையோ மாற்ற ரசிகர்களில் பெரும்பான்மையோர் ஆதரவு வேண்டும்.

எங்களுக்கும் இந்தச் சோதனை வந்தது. ஒரு ஸ்பான்சர் முப்பது செட் ஜெர்சி தருகிறேன், ஆனால் என் கடை நிறத்தில்தான் இருக்க வேண்டும் என்றார். பணக் கஷ்டம், கமிட்டி தலையாட்டத் தயாராக இருந்தது. ஒரு வாரம் அவகாசம் கேட்டு, மாதிரிச் சட்டையை மைதான வாசலில் தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு நோட்டை வைத்தோம். நூற்றுக்கும் மேல் பேர் எழுதினார்கள். பெரும்பாலோர் வேண்டாம் என்றார்கள். ஒரு பழைய கோல்கீப்பர் மட்டும், "வெளியூர் ஆட்டத்துக்கு இரண்டாவது ஜெர்சி நம்மிடம் இல்லையே, அதற்கு வைத்துக்கொள்ளலாமே" என்று எழுதியிருந்தார். அதையே ஸ்பான்சரிடம் சொன்னோம், ஒத்துக்கொண்டார். கமிட்டியில் எங்களில் ஒருவருக்கும் அந்த யோசனை தோன்றவில்லை.

எட்டாம் படி: உட்கார்ந்து கேட்கும் கூட்டம்

வருடத்துக்கு இரண்டு தடவையாவது ரசிகர்களைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். இங்கிலாந்துக் கிளப்புகளில் இப்போது ரசிகர் ஆலோசனைக் குழுக்கள் உண்டு. சூப்பர் லீக் அவமானத்துக்குப் பிறகு லிவர்பூல் ரசிகர் வாரியம் ஒன்றை அமைத்தது. எக்ஸிட்டர் சிட்டி இன்னும் ஒரு படி மேலே, 2003 முதல் அந்தக் கிளப்பே ரசிகர் அறக்கட்டளையின் கையில் இருக்கிறது. கேரளா பிளாஸ்டர்ஸும் மஞ்ஞப்படை என்ற தன் ரசிகர் அமைப்பின் எதிர்ப்பை அடுத்து 2025 தொடக்கத்தில் ஆலோசனைக் குழுவை அறிவித்தது.

நம் கூட்டத்துக்கு மண்டபம் தேவையில்லை. மைதானத்தில் பாய் விரித்தால் போதும், சுண்டலும் டீயும் இருந்தால் நல்லது. நிர்வாகிகள் தனி நாற்காலியில் மேலே உட்காராதீர்கள், அதே பாயில் உட்காருங்கள். பேசுகிறவருக்கு மூன்று நிமிடம். நடுவில் யாரும் பதில் சொல்லக் கூடாது, நோட்டில் எழுதிக்கொள்ள மட்டும்தான் வேண்டும். கூட்டத்தில் பேசத் தயங்குகிறவர்கள், முக்கியமாகப் பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும், சீட்டில் எழுதிப் போட ஒரு டப்பா வையுங்கள். எங்களுக்கு மிகவும் பயன்பட்ட குறை அந்தச் சீட்டில்தான் வந்தது: "மைதானத்தில் பெண்களுக்குக் கழிவறை இல்லை, அதனால் அம்மா இடைவேளையோடு வீட்டுக்குப் போய்விடுகிறார்." பக்கத்துப் பள்ளியில் பேசி, மேட்ச் நேரத்தில் கழிவறையைத் திறந்துவைக்க ஏற்பாடு செய்தோம்.

கேட்டதோடு விட்டால் கேட்காததைவிட மோசம். இரண்டு வாரத்துக்குள் ஒவ்வொரு கேள்விக்கும் பதிலைப் பலகையிலும் சேனலிலும் போடுங்கள். முடியாததற்கு "முடியாது, காரணம் இது" என்று எழுதுங்கள்.

ஒன்பதாம் படி: பிள்ளைகளின் படமும் நம்பரும்

2023-இல் வந்த எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பதினெட்டு வயதுக்குக் கீழுள்ளவர்கள் குழந்தைகள்தான். அவர்கள் விவரத்தைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். சிறிய கிளப் என்று நாம் அசட்டையாக இருக்க வேண்டாம். அணியில் சேரும்போதே பெற்றோரிடம் கையெழுத்து வாங்குங்கள். பதினாறு வயதுக்குட்பட்டோர் அணியின் படத்தைப் போடும்போது பள்ளி, தெரு, பயிற்சிக்குப் போகும் நேரம் ஆகியவற்றைச் சேர்க்காதீர்கள். நிர்வாகிகள் பிள்ளைகளோடு தனித்தனியாகச் செய்தி பரிமாற வேண்டாம். பெற்றோரும் இருக்கும் குழுவில் மட்டும் பேசுங்கள். ஒரு தாய் படத்தை எடுக்கச் சொன்னால் காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள்.

பத்தாம் படி: வசைகள்

திட்டுகிறவர் எல்லோரும் எதிரியில்லை. ஆட்டத்தைத் திட்டினால் விட்டுவிடுங்கள், பதில் தெரிந்தால் பதில் சொல்லுங்கள். சாதி, மதம், ஊர், நிறம், பெண்கள் பற்றி ஒரு சொல் வந்தாலும் உடனே நீக்குங்கள். எழுதியவரைப் போனில் கூப்பிட்டுப் பேசுங்கள், இரண்டாவது முறை என்றால் வெளியே அனுப்புங்கள். இந்த விதியை முதல் நாளே குழுவின் விவரத்தில் எழுதிவைத்தால், யாரைக் குறிவைத்தும் செய்ததாக ஆகாது. எதிரணிக் கிளப்பின் தகவல் பொறுப்பாளர் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பெரிய ஆட்டத்துக்கு முன் இரண்டு கிளப்பும் சேர்ந்து ஒரே அறிவிப்புப் போட்டால் இரு பக்க ரசிகர்களும் அதை மதிக்கிறார்கள். புதுச்சேரி அணி ஒன்றோடு நாங்கள் அப்படிச் செய்தபோது, அவர்கள் ரசிகர்களுக்கு எங்கள் பையன்களே பஸ் நிறுத்தம் வரை வழிகாட்டிவிட்டு வந்தார்கள்.

கடைசிப் படி: சாவிகளை எழுதி வையுங்கள்

எங்கள் பழைய ஃபேஸ்புக் பக்கத்தில் மூவாயிரம் பேர் இருந்தார்கள். அதை நடத்திய தம்பி வேலைக்கு வெளிநாடு போனார், போன் மாறியது, பாஸ்வேர்டு போயிற்று. அந்தப் பக்கம் இன்றும் திறக்க முடியாமல் நிற்கிறது. அவர் மேல் தப்பில்லை, நாங்கள் கேட்டு வாங்கி வைக்கவில்லை.

ஆகவே கணக்குகள் எல்லாம் கிளப்புக்கென்று வாங்கிய தனி சிம்மிலும் தனி மின்னஞ்சலிலும் இருக்கட்டும். சேனலுக்கும் குழுவுக்கும் குறைந்தது மூன்று அட்மின்கள் வேண்டும். பாஸ்வேர்டுகளை ஒரு தாளில் எழுதி, உறையில் ஒட்டி, பொருளாளரின் பீரோவில் வையுங்கள். பாஸ்வேர்டு மாறும் அன்றே தாளையும் மாற்றுங்கள். ரசிகர் நோட்டு, அழைப்புச் சங்கிலித் தாள், பெற்றோர் கையெழுத்துப் படிவங்கள், கூட்டக் குறிப்புகள் நாலும் ஒரே பையில் இருக்க வேண்டும். பொறுப்பு கை மாறும்போது பழையவரும் புதியவரும் சேர்ந்து இரண்டு மேட்ச் வேலை பார்க்கட்டும். முதல் மேட்சில் பழையவர் எழுத, புதியவர் பார்ப்பார். இரண்டாவதில் புதியவர் எழுத, பழையவர் பார்ப்பார். அதன் பிறகு சிம் கார்டைக் கொடுத்துவிடலாம்.